அண்ணன் சொல்லாத கல்லூரி

கலிபோர்னியாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு பெர்க்லியில் இடம் கிடைத்துவிட்டால் அன்று மாலைக்குள் செய்தி நான்கு ஊர்களுக்குப் பரவிவிடும். அதே வீட்டின் இன்னொரு பிள்ளை, இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறக்கூடிய கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் அந்தக் கல்லூரியின் பெயரே வெளியே வராது. "இங்கேதான், பக்கத்தில் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டு அம்மாக்கள் காபி கொண்டுவர எழுந்துபோவார்கள். அப்பாக்கள் வேலைச் சந்தையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது என் அண்ணன் வீட்டில் அது நடந்தபோதுதான். சித்தப்பா மகன் என்றாலும் ஒரே கூடத்தில் ஒன்றாக உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் மகன் என்ன படிக்கிறான் என்பது எனக்கு ஒரு வருடம் வரை தெரியாது. "பிசினஸ் மாதிரி ஏதோ எடுத்திருக்கிறான், இன்னும் முடிவு செய்யவில்லை" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

அவன் எடுத்திருந்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நானும் மெக்கானிக்கல் இன்ஜினியர். அதுவும் நேர்வழியில் ஆனவள் அல்ல. பத்தாம் வகுப்பு முடித்து, கோவைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் டிப்ளமா படித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழைந்தவள். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்குப் பாதியில் மாறுவது என்றால் என்ன என்று எங்கள் குடும்பத்திலேயே அறிந்த ஒரே ஆள் நான். அவர்கள் வீட்டிலிருந்து ஆல்டமான்ட் மலைக்கணவாயைத் தாண்டினால் என் வீடு. என்னிடம்தான் சொல்லவில்லை.

கோயில் கேண்டீனில் கேட்ட கேள்வி

2022 ஆகஸ்ட் மாதம், லிவர்மோர் கோயிலில் ஆடி வெள்ளிக் கூட்டம். தட்டில் புளியோதரையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், அப்பா வரிசையில் நிற்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, "அத்தை, ஸ்டாட்டிக்ஸ் ரொம்பக் கடினமா?" என்று கேட்டான். பிசினஸ் படிக்கிற பையன் நிலையியலைப் பற்றி ஏன் கேட்கிறான் என்று ஒரு கணம் விளங்கவில்லை. "நீ ஏன் அதைக் கேட்கிறாய்?" என்றேன். தயங்கித் தயங்கி முழுவதையும் சொன்னான். பள்ளியின் கடைசி ஒரு வருடத்துக்கும் மேல் கொரோனாவில் கணினித் திரைக்கு முன்னால் கழிந்தது, மதிப்பெண் சரிந்தது, விண்ணப்பித்த பல்கலைக்கழகங்கள் கைவிட்டன, பக்கத்து ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது, மெக்கானிக்கலுக்கு மாற வேண்டும் என்பது ஆசை, எப்படி என்று சரியாகத் தெரியவில்லை. "அப்பா யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். யூசி கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார்." யூசி என்பது பெர்க்லி, டேவிஸ் போன்ற வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்.

அவன் செல்பேசியில் முதலாண்டின் பாடப் பட்டியலைக் காட்டினான். முதல் செமஸ்டரில் ப்ரீகால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தைய அடிப்படைக் கணிதம்), சமூகவியல், ஆங்கிலம், கலை வரலாறு. இரண்டாவதில் முதல் கால்குலஸ், அமெரிக்க வரலாறு, பேச்சுக்கலை, உளவியல். எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். வேதியியல் இல்லை. இயற்பியல் இல்லை. கோடை விடுமுறையில் ஒரு கடையில் வேலை பார்த்திருக்கிறான். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம் அல்ல, ஆற்றாமை. கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு வருடம் முழுக்க உழைத்திருக்கிறான், அவன் போக வேண்டிய திசையில் ஓரடிதான் நகர்ந்திருக்கிறான்.

கல்லூரிக் கவுன்சலர் அவனுக்குத் தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் பெரும்பாலான மாணவர்களுக்குச் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறார்: முதலில் பொதுக்கல்விப் பாடங்களை முடித்துவிடு. அந்தத் தொகுப்புக்கு அப்போது ஐகெட்சி என்று பெயர். அரசியல் அறிவியலுக்கோ வரலாற்றுக்கோ போகிறவர்களுக்கு அது நல்ல அறிவுரை. பொறியியலுக்குப் போகிறவனுக்கு அது காலைக் கட்டிப்போடும். பொறியியல் துறைகள் பார்ப்பது கணிதம், இயற்பியல், வேதியியல், அடிப்படைப் பொறியியல் பாடங்கள் ஆகியவற்றை முடித்திருக்கிறானா, எத்தனை மதிப்பெண்ணில் முடித்திருக்கிறான் என்பதைத்தான். பொதுக்கல்வியில் மீதி இருப்பதை மாறிய பிறகும் படித்துக்கொள்ளலாம். அரைமணி நேரச் சந்திப்பில், வெளியே இன்னும் பலர் காத்திருக்கும்போது, ஒரு கவுன்சலருக்கு இதையெல்லாம் விரித்துச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. இதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள். ரகசியமாக வைத்துக்கொண்டால் அவர்களிடம் போக முடியாது.

பின்னாலிருந்து எழுதிய கணக்கு

அன்று மாலை அண்ணன் வீட்டுக்கே போய்விட்டேன். அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்; ஒன்றும் பேசவில்லை. நானும் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து, கடைசியில் இருந்து தொடங்கினேன்.

யூசி வளாகங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் மட்டுமே சேர்க்கின்றன. விண்ணப்பம் அதற்கு முந்தைய வருடம் நவம்பர் இறுதியில் முடியும். சேர்வதற்கு முந்தைய வசந்த செமஸ்டருக்குள் கேட்ட பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். இது ஒரு முனை. மறுமுனையில் கணிதம். முதல் கால்குலஸ் முடித்தால்தான் இரண்டாவது. இரண்டாவது முடித்தால்தான் பலமாறிக் கால்குலஸ். அதன் பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரியல் இயற்கணிதமும். இயற்பியலின் முதல் பாடமான இயக்கவியலுக்கு முதல் கால்குலஸ் வேண்டும். அது முடிந்தால்தான் மின்காந்தவியல். ஸ்டாட்டிக்ஸுக்கு இயற்பியல் இயக்கவியலும் வேண்டும், கால்குலஸும் வேண்டும். பொருளறிவியலுக்கு வேதியியல் வேண்டும். முதல் நாளே கால்குலஸில் உட்காருகிற மாணவனுக்கு இந்தச் சங்கிலி சரியாக நான்கு செமஸ்டரில் முடியும். நடுவில் மூச்சுவிட ஒரு செமஸ்டர்கூட மிச்சமில்லை. ப்ரீகால்குலஸில் தொடங்குகிறவனுக்கு ஐந்து செமஸ்டர். ஆனால் ஐந்து என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. சேர்க்கை வருடத்துக்கு ஒருமுறை என்பதால் ஐந்து ஆறாகிவிடும், இரண்டு வருடம் மூன்றாகிவிடும்.

தப்பிக்க ஒரே வழி கோடைக்காலம். முதல் வருடத்தின் கோடையில் இரண்டாம் கால்குலஸை முடித்து, வேதியியலை முதல் வருடத்திலேயே எடுத்திருந்தால் அவன் இரண்டாவது வருடத்தில் மற்றவர்களோடு சேர்ந்திருப்பான். ஆறு, எட்டு வாரங்களில் ஒரு செமஸ்டரை விழுங்குவது கடினம். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் அதைச் செய்கிறார்கள். அந்தக் கோடை முடிந்துவிட்டிருந்தது. தாளில் கடைசி அம்புக்குறி 2024-இல் போய் நின்றது.

"மூன்று வருடமா?" என்றார் அண்ணன். அவர் குரலில் இருந்தது மகன் மேல் குறையல்ல. "ஜூன் மாதம் உன்னிடம் கேட்டிருந்தால்?" என்று கேட்டார். பதில் அந்தத் தாளிலேயே இருந்தது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மகன்தான் முதலில் பேசினான்: "மூன்று வருடம் என்றால் மூன்று வருடம். இப்போதாவது எது எப்போது என்று தெரிகிறதே."

அவமானம் என்று நாம் ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். அதற்கு இப்படி ஒரு கட்டணம் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கல்லூரி கேட்ட கட்டணம் குறைவுதான். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012 முதல் அந்தத் தொகை மாறவில்லை. வருடத்துக்கு 30 யூனிட் என்று வைத்தால் 1,380 டாலர். முதன்முறையாக முழுநேரம் சேர்கிறவர்களுக்குப் பல கல்லூரிகள் முதல் இரண்டு வருடத்துக்கு அதையும் தள்ளுபடி செய்கின்றன. யூசியில் ஒரு வருடக் கட்டணம் இதைப் போலப் பத்து மடங்கு இருக்கும். அந்தக் கணக்கெல்லாம் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் போனது, வாயைத் திறக்காததற்குக் கொடுத்த ஒரு வருடம்.

பக்கவாட்டுக் கதவு அல்ல

நம்மவர்கள் பலர் இதைத் தோற்றவர்களுக்கான பக்கவாட்டுக் கதவு என்று நினைக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் அப்படி இல்லை. 1960-இல் கலிபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அப்போது யூசியின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதன் முதன்மைச் சிற்பி. பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கு யூசிக்கு, மேல் மூன்றில் ஒரு பங்கு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு, படித்துப் பயன்பெறக்கூடிய எவருக்கும் இருவருடக் கல்லூரி என்பது அதன் அமைப்பு. அதோடு இன்னொன்றும் சேர்த்தார்கள்: இருவருடக் கல்லூரியில் நன்றாகப் படித்தவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் இடம் வைத்திருக்க வேண்டும். அதற்காகவே பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்களின் விகிதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். இன்றும் யூசி புதிதாகச் சேர்க்கும் இரண்டு முதலாண்டு மாணவர்களுக்கு இப்படி மாறி வரும் மாணவர் ஒருவர் என்பதை இலக்காக வைத்திருக்கிறது. கட்டடத்தை வரையும்போதே வரைந்த வாசல் இது. இன்று 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன.

நான் நுழைந்த வழியோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் டிப்ளமா முடித்தவருக்கு லேட்டரல் என்ட்ரியில் பி.இ.யின் முதலாண்டு முழுவதும் விலக்கு. அந்த முதலாண்டில் என்ன இருந்தது, டிப்ளமாவில் அதில் எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று யாரும் வரி வரியாகப் பார்ப்பதில்லை. கவுன்சலிங்குக்காகக் காரைக்குடிக்குப் போய் வந்தபோது இது பெரிய சலுகையாகத் தெரிந்தது. மூன்றாம் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே கணித ஆசிரியர் ஃபூரியர் தொடரைப் பலகையில் எழுதினார். முதலாண்டில் இரண்டு கணிதத் தாள்களை முடித்துவிட்டு வந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். டிப்ளமாக்காரர்கள் நாங்கள் பின்வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்று அடுத்து வந்தது. லேத்தில் நாள் முழுக்க நின்று திருகு மரை வெட்டத் தெரிந்தவர்கள், வரைபடத்தைப் பார்த்ததும் எந்த இடத்தில் உளி தட்டும் என்று சொல்லக்கூடியவர்கள், அந்த ஒரு தாளில் அரியர் வைத்து அந்த அரியரைக் கடைசி செமஸ்டர் வரை சுமந்தார்கள். பணிமனையில் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வகுப்புத் தோழர்கள் கணிதத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படித்தான் கரையேறினோம்.

கலிபோர்னியாவில் எதற்கும் மொத்தமாக விலக்கு இல்லை. அசிஸ்ட் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. இந்தக் கம்யூனிட்டி காலேஜின் இன்ன பாடம் அந்த வளாகத்தின் இன்ன பாடத்துக்குச் சமம் என்று பாடம் பாடமாக, துறை துறையாக அதில் ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். சமம் இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். இந்த முறைதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. மாறிப் போகிற மாணவன் அங்கே மூன்றாம் ஆண்டில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவன் படித்ததையே இவனும் படித்திருப்பான். ஆனால் தெரியாதவனுக்கு இது இரக்கமில்லாத முறையும்கூட. ஒரு வளாகம் மின்சுற்றுப் பாடம் கேட்கும், இன்னொன்று கேட்காது. ஒன்று நிரலாக்கத்தை ஒரு மொழியில் கேட்கும், மற்றது வேறு மொழியில். ஆறு யூசி வளாகங்கள் டேக் என்ற உறுதிச் சேர்க்கை தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. தருகிற சாண்டா பார்பராவிலும் பொறியியலுக்குக் கிடையாது. டேக் விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில் மட்டும், ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். என் காலத்தில் தெரியாததைத் தேர்வு அறையில் கண்டுபிடித்தோம். இவர்கள் விண்ணப்பப் படிவத்தில் கண்டுபிடிக்கிறார்கள்.

மலையைத் தாண்டிய வகுப்பு

அவனுடைய கல்லூரியில் ஸ்டாட்டிக்ஸ் வசந்த செமஸ்டரில் மட்டும்தான். 2023-ஆம் ஆண்டின் இறுதியில், பதிவு செய்தவர்கள் போதாது என்று அந்த வகுப்பையே ரத்து செய்துவிட்டார்கள். சிறிய கல்லூரிகளில் பொறியியல் பாடங்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அவன் ஏற்கெனவே விண்ணப்பம் அனுப்பியிருந்தான். வசந்தத்தில் இதை முடிப்பேன் என்று அதில் எழுதியிருந்தான். ஜனவரியில் மதிப்பெண்களையும் பாடங்களையும் புதுப்பித்துச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு இது நடந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருப்பார்கள். இந்த முறை அண்ணனே அன்றிரவு எனக்குப் போன் செய்தார்: "அவனுடைய ஸ்டாட்டிக்ஸ் போய்விட்டதம்மா, வேறு எங்கே கிடைக்கும்?"

என் வீட்டுக்கு அருகில் இன்னொரு கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு இருந்தது. ஒரே மாநில அமைப்பு என்பதால் இரண்டு கல்லூரிகளில் ஒரே நேரத்தில் படிக்கத் தடையில்லை. வாரம் இரண்டு மாலை தங்கள் ஊரான ட்ரேசியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு, காற்றாலைகள் நிற்கும் அந்த மலையைத் தாண்டி வருவான். எல்லோரும் வேலை முடிந்து கிழக்கே போகும் நேரத்தில் அவன் மேற்கே வந்ததால் சாலை காலியாக இருக்கும். வகுப்பு முடிந்து என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவான்.

அந்த வகுப்பைப் பற்றி அவன் சொன்னவை எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ஆசிரியர் பகலில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். சட்டகக் கணக்கு நடத்தும்போது, தான் ஏறிப் பார்த்த பாலத்தின் புகைப்படத்தைப் போட்டு, இந்த இணைப்பைத் தனியாக எடு, இதில் என்னென்ன விசைகள் என்று கேட்பாராம். விசைகளைக் குறிக்கும் அந்தத் தனியுடல் படம் சரியாக இல்லையென்றால் விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. முன்வரிசையில் விமானப்படையில் விமானம் பழுதுபார்த்துவிட்டு வந்த ஒருவர். பக்கத்தில் இரண்டு பிள்ளைகளின் அம்மா. பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை. ஒருவர் கணினி கட்டுப்படுத்தும் சிஎன்சி இயந்திரத்தை இயக்குபவர். தான் பத்து வருடம் வெட்டித் தந்த பாகங்களை இனி வரைய வேண்டும் என்பது அவர் விருப்பம். இருபது வயதில் இப்படிப்பட்டவர்கள் நடுவில் உட்கார்ந்து படிப்பது எளிதில் கிடைக்காத ஒன்று. அந்த விமானப்படைக்காரர் ஒருநாள் என் அண்ணன் மகனிடம், முறுக்கு விசையை எண்ணாக நீ கணக்கிடுகிறாய், அது என் மணிக்கட்டில் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்போம் என்று சொல்லி, வாகன நிறுத்துமிடத்தில் ஒரு ஸ்பானரோடு சோதித்துப் பார்த்தார்களாம். இதைச் சொல்லும்போது அவன் சாப்பாட்டை மறந்துவிட்டான்.

ஏப்ரலில் டேவிஸில் இடம் கிடைத்தது. அண்ணன் இனிப்புப் பெட்டி வாங்கினார். அதை நான் குறை சொல்லவில்லை; நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். ஆனால் அந்த மாலை எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர் "நேராக டேவிஸா?" என்று கேட்டபோது அண்ணன், "இல்லை, மூன்று வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்து மாறியிருக்கிறான்" என்று கல்லூரியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். இனிப்பைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

டேவிஸ் அவனுக்கு எளிதாக இல்லை. அங்கே பத்து வார க்வார்ட்டர் முறை. மூன்றாவது வாரத்தில் தேர்வு வந்துவிடுகிறது. முதல் க்வார்ட்டரில் மதிப்பெண் கீழே இறங்கியது. மாறிச் செல்லும் மாணவர்களில் பலருக்கு இப்படி நடக்கும் என்பது அங்குள்ளவர்கள் அறிந்ததே. அவன் பயப்படவில்லை, உடனே ஆசிரியரின் அறைக்குப் போய்க் கேட்டிருக்கிறான். கேட்பது அவனுக்குப் பழகிவிட்டது.

சென்ற மாதம் அண்ணன் வழியாக ஒரு அம்மா என்னை அழைத்தார். மகள் வரும் ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறாள், அவளுக்கும் மெக்கானிக்கல்தான். இப்போது சட்டம் மாறியிருக்கிறது. பொறியியல், அறிவியல் படிப்பவர்களில் பெரும்பாலோரைப் பழையபடி ப்ரீகால்குலஸில் நிறுத்தி வைக்காமல் நேராகக் கால்குலஸில் உட்காரவைக்கச் சொல்கிறார்கள். அடித்தளம் பலவீனமான பிள்ளைகள் அங்கே தடுமாறுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. கூடவே தரும் உதவி வகுப்பைக் கட்டாயம் எடுக்கச் சொன்னேன். வேதியியலை முதல் செமஸ்டரிலேயே போட்டாயிற்று. ஸ்டாட்டிக்ஸ் அவள் கல்லூரியில் எந்தெந்த வருடம் உண்மையில் நடந்தது என்று பழைய கால அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பொருளறிவியல் அங்கே இல்லவே இல்லை. அதை எந்தக் கல்லூரியில் எடுக்கலாம் என்று என் அண்ணன் மகன் அவளுக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான்.